தானாக விழுந்த சொல்

"என்னைப் பெர்மனன்ட் பண்ணுங்க சார்."

கேட்டேவிட்டாள். 'நீயா வாய் திறந்து கேட்டுராதடி, இருக்கிறதும் போயிரும்' என்று அம்மா தலைப்பாடாய் அடித்துக்கொண்ட அதே விஷயம். குடும்பத்தில் முதல் பட்டதாரி, இந்த ஆபீஸின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்ததிலிருந்து 'தற்காலிகம்'.

மேனேஜர் கம்ப்யூட்டரைக் காட்டினார். "இதுவே தற்காலிகம்னு சொல்லுது. நான் என்னம்மா பண்ண?"

"அது சொல்லலை சார். பேருக்கு நேரே இருக்கிற கட்டத்தை யாரும் நிரப்பாம விட்டா, அதுவா 'தற்காலிகம்'னு போட்டுக்கும். டிஃபால்ட்."

"கட்டத்தைத் திருத்த மேலிடத்து அனுமதி வேணும்."

"டிஃபால்ட்டை மாத்த?"

"அதென்ன எழவோ, நீயே பார்த்துக்க."

அவருக்குப் புரியவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. தன் சீட்டுக்குப் போன வேகத்தில் டிஃபால்ட்டை 'நிரந்தரம்' ஆக்கினாள். அவள் பெயருக்கு நேரே 'தற்காலிகம்' அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஆத்திரத்தில் படித்த பாடமே மறந்துபோயிருந்தது: டிஃபால்ட் இனி வருகிறவர்களுக்குத்தான், இருக்கிறவர்களை அது சீண்டாது.

அடுத்து வந்தவர் ஏசி மெக்கானிக். ரிசப்ஷன் அக்காவின் திரையில் அந்தக் கட்டமே கிடையாது. அக்கா அவர் பெயரைத் தட்டினார், பாஸ் அச்சாகி வந்தது: நிரந்தர ஊழியர்.

"அந்தாளு ஸ்பேனரோட வந்து, 'என் கேபின் எது?'ங்கிறான்!" மேனேஜர் அலறினார்.

அவள் ரிசப்ஷனுக்கு ஓடினாள். "அக்கா, என் பேரை அழிச்சிட்டுப் புதுசா பதிங்க. சீக்கிரம்!"

"உயிரோட இருக்கிற பிள்ளையை அழிக்கவா!" என்றபடியே அக்கா அழித்தார், பதிந்தார்.

அதற்குள் மேனேஜர் கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்குப் போன் போட்டு, டிஃபால்ட்டை 'விசிட்டர்' ஆக்கிவிட்டிருந்தார்.

அக்கா கொடுத்த புது அட்டையைக் காட்டினாள். உள்கதவு திறக்கவில்லை. 'விசிட்டர்கள் காத்திருக்கவும்' என்றது, மரியாதையாக. தான் யார் என்று அவளுக்கே ஒரு கணம் பிடிபடவில்லை.

மேனேஜர் கதவிடுக்கில் தலையை நீட்டினார். "உட்காரும்மா, நாளைக்குப் பேசிக்கலாம். பொறுமையா இரு. நானெல்லாம் இல்லையா?"

அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. அட்டையை அக்காவின் மேசையில் வைத்தாள்.

"கிளம்பறேன்க்கா. என்னை என்னன்னு எழுதலாம்னு ஒரு ஆள்கூட யோசிக்காத இடத்துல எனக்கென்ன வேலை?"

விடுவிடுவென்று நடந்து வாசலைத் தாண்டும்போது பின்னால் அக்காவின் குரல் கேட்டது.

"போ கண்ணு, நீயாவது போ. சார் பேருக்கு நேரேயும் 'தற்காலிகம்'தான் இருக்கு. பாவம், இத்தனை வருஷமா கேட்கவே பயப்படறாரு."