பந்துக்கு வந்த கொரோனா

இரண்டாவது அலை வந்தபோது கோயிலுக்குப் பூட்டு, பள்ளிவாசலுக்குப் பூட்டு, சர்ச்சுக்கும் பூட்டு. எல்லாக் கடவுள்களும் ஒழுங்காக வீட்டுக்குள் அடங்கிவிட்டார்கள். திருவொற்றியூர் கடலோரத்தில் ஒரு தகரக் கொட்டகை மட்டும் அடங்கவில்லை. அங்கே சங்குச்சாமி இருந்தார்.

யானைக்கவுனியில் செல்போன் கவர் விற்றவர்தான். ஊரடங்கில் கடை படுத்தது, சாமி எழுந்தார்.

வித்தை எளிது. ஒரு பெரிய சங்கின் வாயை உங்கள் நெஞ்சுக்கு நேரே பிடிப்பார். ஊதுகிற முனையைத் தன் காதில் வைத்துக்கொள்வார். உள்ளே கொரோனா இருந்தால் சங்கு சொல்லிவிடுமாம். மூக்கில் குச்சி விட வேண்டாம். "கீது" என்றால் நோய் போக ஒரு பாட்டில் சங்குத் தீர்த்தம். "இல்ல" என்றால் நோய் வராமலிருக்க அதே தீர்த்தம், அதே பாட்டில். உள்ளே இருப்பது மஞ்சள் கரைத்த கடல்தண்ணீர். கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள், கடல்தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வரிசையில் நின்றார்கள். ஒருவர் முதுகில் ஒருவர் இருமிக்கொண்டே நின்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் காசிமேட்டுப் பவானியின் படம் பேப்பரில் வந்தது. அப்பா பாஸ்கர் விசைப்படகுக்குப் போகிறவர். அம்மா கெங்கம்மாவுக்கு மீன் வியாபாரம். பவானி, கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பால் ஆட்டத்தில் கோல்கீப்பர். வெளிநாட்டில் நடக்கும் பன்னாட்டு மகளிர் போட்டிக்கு இந்திய அணியில் அவளைச் சேர்த்திருந்தார்கள். நோய்க்காலம் என்பதால் பார்வையாளர் இல்லாமல் போட்டி நடக்கும், கொரோனா இல்லை என்று பரிசோதனையில் வந்தால்தான் விமானம் ஏறலாம் என்றும் செய்தியில் இருந்தது.

மறுநாளே கொட்டகை வாசலில் பேனர். 'சங்குத் தீர்த்தம் அருந்தி உலகை வெல்லப் புறப்படும் வீராங்கனை!' வீராங்கனை அந்தப் பாட்டிலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதனாலென்ன? கூட்டம் இரண்டு மடங்கானது.

அதே வாரம் பாஸ்கருக்குக் காய்ச்சல் வந்தது. கெங்கம்மா அவரைச் சங்குச்சாமியிடம் அழைத்துப்போனாள். சங்கு "இல்ல" என்றது. பாஸ்கர் தீர்த்தம் குடித்துவிட்டுப் படுத்தார். நாலைந்து நாளாகியும் எழுந்திருக்கவில்லை.

"நைனாக்கு மூச்சு வாங்குது பாரும்மா. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்" என்றாள் பவானி.

"சாமி இல்லன்ட்டாரு இல்ல? எதிர்வூட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்குப் போனாரே, நடந்தா வந்தாரு? மூட்டையா கட்டித்தானடி குடுத்தாங்க."

அந்தப் பயம் பொய்யில்லை. சங்குச்சாமியின் முதலீடே அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீராங்கனைக்குப் பாராட்டு என்று சாமி ஆள் அனுப்பினார். பவானி அம்மாவிடம் திரும்பினாள்.

"வரேம்மா. ஆனா சாமிக்கு ஒரு டெஸ்ட்டு வெப்பேன். அவரு பாஸாயிட்டா நா வாயே தொறக்க மாட்டேன். ஃபெயிலாயிட்டா நைனா ஆஸ்பத்திரிக்கு."

"சாமிக்கே டெஸ்ட்டா?"

"ஊர்ல எல்லாருக்கும் எடுக்கறாங்க. சாமிக்கு மட்டும் வேணாமா?"

பவானியோடு அவள் அணித்தோழி ஜஸீமாவும் ராயபுரத்திலிருந்து வந்தாள், தோளில் பையுடன். சாமி பவானிக்குச் சால்வை போர்த்தி, கூட்டத்தைப் பார்த்து முழங்கினார்: "டாக்டரு கண்ணத் தொறந்து பாக்கறான். நான் கண்ண மூடிக் கேக்கறேன்!"

கூட்டம் கைதட்டியது. பவானியும் தட்டினாள்.

"அப்ப கண்ணக் கட்டிடலாமா சாமி? ஜனம் பாக்கட்டும்."

கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது. வாயால் கெட்டவர் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். அவர் போர்த்திய சால்வையாலேயே அவர் கண்ணை இறுக்கிக் கட்டினாள் பவானி.

முதலில் கெங்கம்மா நின்றாள். சாமி கேட்டார். "இல்ல. சுத்தமான நெஞ்சு."

அடுத்து ஜஸீமா பையைத் திறந்தாள். உள்ளே இருந்த பந்தை ஒரு பனியனில் சுற்றிச் சங்குக்கு நேரே பிடித்தாள். பவானி கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

முதல் ஆளுக்கு இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு இருந்தாக வேண்டும். தொழில் தர்மம். சாமி நெடுநேரம் கேட்டார். முகம் வாடியது.

"கீது. ஆம்பள நெஞ்சு. பீடி குடிக்கற நெஞ்சு. உள்ள பூந்து நல்லா குந்திகினு கீது."

"பொழைக்குமா சாமி?" என்று கேட்டாள் பவானி.

"ஒரு மண்டலம் தீர்த்தம் குடிச்சா பொழைக்கும்."

பவானி கண்கட்டை அவிழ்த்தாள். சாமியும் பந்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பந்து எந்தப் பீடி குடிக்குது சாமி?" என்று கேட்டாள் மீன்காரி குப்பம்மா. கொட்டகை அதிர்ந்தது.

"அந்தப் பந்தத் தொட்டவன் எவனுக்கோ…" என்று சாமி ஆரம்பித்தார். யார் காதிலும் விழவில்லை.

"காலி சொம்ப எடுத்துக் காதுல வெச்சுப் பாருங்க" என்றாள் பவானி. "சங்குல கேக்கற அதே 'ஓ'ன்ற சத்தந்தான் வரும். சொம்புக்கும் கொரோனாவா?"

யாரோ சொம்பைத் தேடினார்கள். யாரோ சாமியின் பாட்டில்களைக் கடற்கரையில் கவிழ்த்தார்கள். சாமி பின்பக்கத் தகரத்தை நெம்பிக்கொண்டு ஓடினார். சங்கை எடுக்கக்கூட நேரமில்லை.

கெங்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஏற்கெனவே ஆட்டோவில் ஏறியிருந்தாள்.

பாஸ்கருக்குக் கொரோனா. நுரையீரல் பாதி போயிருந்தது. "இவ்ளோ நாள் இன்னாம்மா பண்ணீங்க?" என்று கேட்டார் டாக்டர். பாஸ்கர் ஆக்சிஜனில் கிடந்து பிழைத்து வந்தார். மறுபடி படகேற வெகுகாலமானது.

அதே வீட்டில், அதே காற்றைச் சுவாசித்த பவானிக்கும் பரிசோதனையில் 'உண்டு' என்று வந்தது. விமானம் அவள் இல்லாமல் போனது.

தனியறையில் படுத்துக்கொண்டு செல்போனில் ஆட்டத்தைப் பார்த்தாள். காலியான அரங்கம். அவள் நிற்க வேண்டிய இடத்தில் வேறொரு பெண். பந்து வரும்போதெல்லாம் பவானியின் கை தானாகத் தூக்கிக்கொண்டது. பிறகு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

காய்ச்சல் விட்டு அவள் தெருவுக்கு வந்த முதல் நாள், குழாயடியில் குப்பம்மா அவளை ஓரமாக இழுத்தாள்.

"அந்தச் சங்கு டுபாக்கூர்னு எனக்கு அப்பவே தெரியும்டி. எண்ணூர்ல புதுசா ஒருத்தரு வந்துகீறாரு. முட்டைய வெச்சே பாக்கறாராம். இவரு நெசமான சாமியாம். வரியா, போய்ப் பாத்துகினு வரலாம்?"

பவானி குடத்தைக் கீழே வைத்தாள்.

"யக்கா, இந்த நோவுக்குக் கவுருமெண்டு மூடச் சொன்னது மூக்கையும் வாயையுந்தான். மூளையையும் சேத்து எதுக்குக்கா மூடிகினு கீற?"