நைலான் கயிற்றில் தொங்கிய கேட்

இன்ஜினியரிங் முடித்த கையோடு ஒருவனைப் பட்டறைக்குள் விடுவதும், சாமி வந்து ஆடுகிறவன் கையில் அரிவாளைக் கொடுப்பதும் ஒன்றுதான். யார் மேல் விழும் என்று அவனுக்கே தெரியாது. நான் மெக்கானிக்கல் படித்தவன். அதிலும் முதல் வகுப்பு. (அந்த நாளில் ‘முதல் வகுப்பு’ என்பதை இனிஷியல் மாதிரிப் பெயருக்கு முன்னால் சேர்த்துத்தான் சொல்வேன்.)

வெளியூர்க் கம்பெனி ஒன்றும் கூப்பிடாததால், விளாங்குடியில் என் தாய்மாமா நடத்திய பவுடர் கோட்டிங் பட்டறையில் சேர்ந்தேன். கேட்டவர்களிடமெல்லாம் ‘புரொடக்‌ஷன் மேனேஜர்’ என்று சொல்லிக்கொண்டேன். நான் மேனேஜ் பண்ணுவதற்கு அங்கே இருந்தது மாமா ஒருவர்தான். அவரும் என் பேச்சைக் கேட்கமாட்டார்.

இரும்பு கேட், கிரில், நாற்காலிகளுக்கு வண்ணம் ஏற்றுகிற தொழில் அது. பெயின்ட், பிரஷ் கிடையாது. மைதா மாதிரி நைசான வண்ணத்தூளை ஒரு துப்பாக்கி வழியாக ஊத வேண்டும். ஊதும்போதே துப்பாக்கி அந்தத் தூளுக்கு மின்சார்ஜ் ஏற்றிவிடும். எதிரே தொங்குகிற இரும்பு எர்த்தோடு, அதாவது தரையோடு, இணைந்திருந்தால், தூள் தானாகவே தேடிப் போய் முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அடுப்பில் வைத்துச் சுட்டால் உருகிப் பளபளவென்று ஆகிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குத் திருநகரில் பெண் பார்த்திருந்தார்கள். பெயர் கோகிலா. ஸ்கேன் சென்டர் ஒன்றில் வேலை. போட்டோவைப் பார்த்த அன்றே நான் மனதளவில் தாலி கட்டிவிட்டேன். இடைஞ்சல் அவளுடைய அப்பாதான். அரசாங்க வேலையில் ஓய்வுபெற்றவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவர் சட்டைக்குப் போடும் கஞ்சியில் ஒரு குடும்பம் பசியாறலாம். பஸ்ஸில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் சட்டை கசங்கும் என்று எழுந்து நின்றுகொள்வாராம். அந்த மனிதர், “பையன் வேலை பாக்குற எடத்த ஒருதரம் பாக்கணும்” என்று சொல்லி அனுப்பினார்.

மாமா காலையிலேயே பட்டறைத் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். வாசலில் இருந்த சாமி படத்துக்கு மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்தினார். நான் என் பங்குக்கு ஒரு கல்யாண மண்டபத்தின் பெரிய கேட்டைத் தயார் செய்தேன். தங்க நிறம் கேட்டிருந்தார்கள். வழக்கமாக மேலே இருக்கும் கம்பியிலிருந்து இரும்புக் கொக்கி போட்டுத்தான் தொங்கவிடுவோம். நான் நைலான் கயிறு வாங்கி வந்து கட்டினேன்.

“எதுக்குடா மாப்ள கயிறு? கொக்கிக்கு என்னாச்சு?” என்றார் மாமா.

“கொக்கி மாட்டுற எடத்துல தழும்பு விழுகுது மாமா. இதுல ஃபினிஷிங் சுத்தமா வரும்.”

“அடேயப்பா! படிச்சவன்டா நீ” என்று என் முதுகில் தட்டினார். (அதே கையால் என் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம்.)

கோகிலாவின் அப்பா வந்தார். சாமி படத்தைப் பார்த்ததும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ஈரத்தரையில் நடந்து வந்தார். முகத்துக்கு ஒரு மாஸ்க் கொடுத்தேன். கேட்டுக்குப் பக்கத்தில், நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நானே அவரை நிறுத்தினேன். பிறகு யாரும் கேட்காமலேயே பாடம் எடுத்தேன்.

“சார், சின்ன வயசுல சீப்பத் தலைல தேச்சு, பேப்பர் துண்டுகிட்ட காட்டிருப்பீங்கள்ல?”

“காட்டிருக்கேன். அதுக்கு?”

“சீப்பு முடியத் தொட்டு ஒரசி சார்ஜ் வாங்குது. ஆனா பேப்பர் எதையுமே தொடல. சீப்பு பக்கத்துல வந்தாலே போதும். பேப்பருக்குள்ள இருக்குற எதிர் சார்ஜெல்லாம் இந்தப் பக்கம் தள்ளி உக்காந்துக்கிரும். அதான் இழுத்துக்கிருது. தொட்டும் ஏத்தலாம், தொடாமலும் தூண்டலாம் சார்.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். (பெண்ணைப் பெற்றவரிடம் சொல்லுகிற வாக்கியமா அது?)

“இங்க சீப்புக்குப் பதிலு தூளு, பேப்பருக்குப் பதிலு கேட்டு. எர்த்து மட்டும் இருந்தாப் போதும், தூளு வழி தவறவே தவறாது சார்” என்று முடித்தேன். எர்த் என்று நீட்டி முழக்கிச் சொன்ன முதல் வகுப்புக்காரனுக்கு, எதிரே மின்சாரம் கடத்தாத நைலான் கயிற்றில் அந்தரத்தில் தொங்கிய கேட்டுக்கு எர்த்தே இல்லை என்பது உறைக்கவில்லை.

துப்பாக்கியை அழுத்தினேன். முதலில் கொஞ்சம் தூள் கேட்டில் ஒட்டியது. ஒட்டிய தூளின் சார்ஜ் தரைக்கு இறங்க வழியில்லாமல் கேட்டிலேயே தங்கிவிட்டது. பின்னால் வந்த தூளும் அதே இனம். ஒரே இனம் ஒன்றையொன்று தள்ளும். தள்ளப்பட்ட தூள், எர்த் இருக்கிற வேறு ஆளைத் தேடியது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தார் என் வருங்கால மாமனார்.

நானோ கேட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறவில்லையே என்று தூளின் அளவைக் கூட்டினேன். தூள் நான் பாடத்தில் சொன்னபடியே நடந்துகொண்டது. அவருடைய சட்டை, வேட்டி, பிடரி, காதுமடல் என்று ஒரு இடம் விடாமல் சுற்றி வளைத்து ஒட்டியது.

“என்ன தம்பி, கேட்டுல ஒண்ணும் ஏறலையே?” என்று அவர் விரலை நீட்டிக் கேட்டைக் காட்டினார். விரல் தொடுவதற்கு முன்பே ‘சடக்’கென்று ஒரு பொறி பாய்ந்தது.

“ஆத்தாடி!” என்று பின்னால் சாய்ந்தார்.

பதறிப்போய் அவரைப் பிடிக்க ஓடினேன். தடித்த ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு தூளுக்கு நடுவே நின்றிருந்த என் உடம்பிலும் சார்ஜ் ஏறியிருந்தது போல. கையைத் தொட்டதும் இன்னொரு ‘சடக்’. இந்தமுறை இருவரும் சேர்ந்து கத்தினோம்.

“கரண்டு புடிச்சிருச்சுடா!” என்று அலறிக்கொண்டே மாமா ஒட்டடைக் கம்பை எடுத்து வந்தார். கரண்டு பிடித்தவனைக் கட்டையால் அடித்துப் பிரிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்த முதலுதவி. அதை நன்றாகவே செய்தார்.

“அடிக்காதய்யா! விட்டுருச்சு! எப்பவோ விட்டுருச்சு!” என்று கத்தினார் கோகிலாவின் அப்பா.

தூள்மூட்டம் அடங்கியது. அவர் மாஸ்க்கைக் கழற்றினார். வாயும் மூக்கும் மட்டும் பழைய நிறம், மற்றதெல்லாம் தங்கம்.

“அண்ணே, காத்து மிஷின் இருக்கு, ஒரு ஊது ஊதுனா எல்லாம் போயிரும்” என்றார் மாமா.

“இன்னொரு மிஷினா?” என்று பின்வாங்கிய அவர், “வாரேன்” என்று ஒரே சொல்லோடு ஸ்கூட்டரைக் கிளப்பினார். (‘போறேன்னு சொல்லாம வாரேன்னுதானடா சொன்னாரு’ என்று என் அம்மா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் தெம்பாக இருந்தாள்.)

அவர் போன பிறகு மாமா கேட்டை அடுப்புக்குத் தள்ளப் போனார். பாதி வழியில் நின்று கயிற்றைப் பார்த்தார்.

“ஏண்டா, இதோட அடுப்புக்குள்ள விட்டா நைலான் உருகிக் கேட்டு கீழ விழுந்துருமேடா?”

அதையும் நான் யோசித்திருக்கவில்லை. கயிறு, உருகுதல் என்று மனம் போன பிறகுதான் எர்த் ஞாபகம் வந்தது.  கோகிலா போய்விட்டாள் என்று முடிவு செய்து, அழுகைக்குத் தயாரானபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“நான் கோகிலா பேசுறேன். எங்கப்பாவ என்ன பண்ணுனீங்க?”

“மன்னிச்சிருங்க. அதாவது, எர்த்து இல்லாததுனால...”

“பழங்காநத்தம் சிக்னல்ல ஒருத்தர் அவர நிறுத்தி, ‘அண்ணே, செலய விட்டு எறங்கி எங்க போறீக’ன்னு கேட்டாராம். இப்ப வாசல்ல நிக்கிறாரு. யாரோ வேஷங்கட்டி வந்துருக்காகன்னு எங்கம்மா கதவத் தெறக்கமாட்டேங்குது.”

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. சிரித்தாள். மூச்சு வாங்கி மறுபடி சிரித்தாள். நானும் சிரிக்கலாமா என்று தெரியாமல், போனைக் காதில் வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றேன்.

சம்பந்தம் வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். இவள்தான் விடவில்லை. “இத்தன வருசத்துல எங்கப்பா சட்டைய அழுக்காக்குற தைரியம் இவரு ஒருத்தருக்குத்தான் வந்துருக்கு” என்று அடம்பிடித்தாள். (தைரியமில்லை, தற்குறித்தனம் என்று இன்றுவரை நான் திருத்தவில்லை.) மிஷின் எதையும் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு கல்யாணம் நடந்தது.

இப்போதும் விசேஷ வீடுகளில் யாராவது ஒரு பெரியம்மா, “ஒங்க வீட்டுல மாப்பிள்ளைக்கு எம்புட்டுப் போட்டாக?” என்று கோகிலாவிடம் கேட்டுவிடுவார்.

“எங்க வீட்டுல ஒண்ணும் போடல பெரியம்மா. அவருதான் எங்கப்பாவுக்கு ஒடம்பு பூராவும் தங்கம் போட்டாரு” என்பாள்.

பந்தியே சிரிக்கும். என் மாமனார் மட்டும் இலையை விட்டுத் தலை நிமிராமல், சாம்பார் வாளியோடு நெருங்குகிறவன் நானா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்.