பெருமாள்மலை வார்டன்

நாற்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில், பெருமாள்மலை முழுவதையும் காப்பாற்றுவது என்று நான் முடிவு செய்தேன். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் என்னிடம் ஒரு விசிலும் ஓர் இங்கிலீஷ் புத்தகமும் கொடுத்து, என் வீட்டுக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையும் போட்டு, என்னை வார்டன் ஆக்கியிருந்தார். வானத்திலிருந்து குண்டு விழுந்தாலும், மலையிலிருந்து மண் விழுந்தாலும், இனி மளிகைக்கடை சாகுல் ஹமீதுதான் பொறுப்பு.

உங்களிடம் மறைப்பானேன். ஊரைக் காப்பாற்றுவது இரண்டாவது சோலி. முதல் சோலி என் மச்சானைக் கிளப்புவது.

மச்சான் ஜாபர் அலி என் மனைவி சுலைகாவின் அண்ணன். மதராஸ் துறைமுகத்தில் குமாஸ்தா. கடல் வழியாக ஜப்பான்காரன் வருகிறான் என்று சித்திரையில் பட்டணமே காலியானபோது, மனைவி, மூன்று பிள்ளைகளோடு மலையேறி வந்தார். ஓடி வந்தவர்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். மச்சானுக்கு மட்டும் ஜப்பான்மேல் சந்தேகம் தீரவில்லை. ஆறு மாதமாக வெந்நீர் அவருக்கு முதலில். எனக்கு ஆறிய பிறகு.

"சுலைகா, நம்ம வீடு மலைக்கு நேர் கீழ கெடக்கு. மழை வலுத்தா மண்ணு சரியும்."

"சரிங்க."

"சரியும்னு சொல்றேன்."

"நானும் சரின்னுதானே சொல்றேன்."

"இந்த மாதிரி வீட்டுல விருந்தாளுகளை மொதல்ல ஊருக்கு அனுப்பிரணுமாம். புத்தகத்துல போட்டிருக்கு."

"எத்தனாம் பக்கத்துல?"

"பதினாலு."

அவள் புரட்டினாள். பதினாலாம் பக்கத்தில் ஒரு வாளியின் படம் இருந்தது.

"இது வாளியில்ல?"

"வாளிக்குக் கீழ எழுதியிருக்கு."

"உங்களுக்கு எப்ப இங்கிலீசு வந்துச்சு?"

"பொறுப்பு வந்தா எல்லாம் வரும்."

அவள் புத்தகத்தோடு உள்ளே போனாள். சுலைகா பேசாமல் போனால் நான் பயப்பட வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஒத்திகை. நான் விசில் ஊதியதும் அவரவர் அவசியமானதை எடுத்துக்கொண்டு மேட்டிலுள்ள காப்பிக் களத்துக்கு வரவேண்டும். மச்சான் குடும்பம் மூட்டை கட்டி வந்ததும், அப்படியே வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏற்றிவிடுவது என் ஏற்பாடு. ஐந்து இடம் சொல்லி வைத்திருந்தேன்.

ஊதினேன். ஊர் ஓடியது. பக்கத்து வீட்டு வடிவு கோழிக்கூடையை எடுத்து வந்தாள், புருஷனை விட்டுவிட்டாள். கடைசியில் மச்சான் குடும்பம் வந்தது. ஐந்து பேரும் கைவீசி வந்தார்கள். பின்னால் சுலைகா, தலையில் ஒரே ஒரு மூட்டையோடு.

மேற்பார்வைக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர், "ஒரு மூட்டைதானாம்மா?" என்றார்.

சுலைகா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இது அவுக பாயும் கம்பளியுங்க. மழைக்காலம் முடியுற மட்டும் வார்டன் ராப்பகலா கொட்டகையிலதான் இருக்கணுமாமே. அண்ணன் புத்தகத்தை வாசிச்சுச் சொன்னாரு."

"ஒம்பதாம் பக்கம், மச்சான்," என்றார் ஜாபர் அலி அன்போடு.

சுலைகா நீட்டிய புத்தகத்தை இன்ஸ்பெக்டர் வாங்கிப் பார்த்தார். தலையசைத்தார். "வீட்டுல ஆம்பளைத் துணை வேணுமே?"

"அதுக்குத்தாங்க அண்ணனைப் போக வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ரொம்பச் சரி. வார்டன் வீடுன்னா இப்படித்தான் இருக்கணும்."

பஸ் வந்தது. ஐந்து காலி இடங்களோடு போனது.

சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் ஒழுகாத மூலையாகப் பார்த்துப் பாயை விரித்தேன். எதிர்ப்புறம் என் வீட்டு அடுப்பு வெளிச்சம் தெரிந்தது. வெந்நீர் போடுகிறாள் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சுலைகா," என்று மச்சானின் குரல் கேட்டது. "அந்தக் கதவைச் சாத்தும்மா, சாரல் அடிக்குது."