கத்தரிக்காய் கக்கிய ரத்தம்

விக்கிரமசிங்கபுரத்துக்குக் கேபிள் டி.வி. வந்த புதுசு. அதையே அணைத்துவிட்டு ஊர் ஓடியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கறிகாய்ச் சாமியார் வந்திருந்தார்!

காயை மஞ்சள் தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் கொண்டுபோக வேண்டும். சாமி தம் தீர்த்த வாளியில் முக்குவார். தெளிந்த தீர்த்தம் ரத்தமாகிவிடும். செய்வினையாம்! கழுவிய மருமகளின் கைதோஷமாம்! அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சாமியிடம் தீர்த்தம் பாட்டில் பாட்டிலாக வாங்கினால் தீருமாம். பக்தியோடு அழுத்தித் தேய்த்த வீட்டுக்கே அதிக ரத்தம். என்ன நியாயமோ! அதற்குள் நாலைந்து மருமகள்கள் பஸ் ஏறியாயிற்று.

அடுத்து, மருமகள் பாகீரதி கழுவிய கத்தரிக்காயைச் சாமி முக்கினார். வாளி சிவந்தது.

"எம்மா, எம்புட்டு ரத்தம்!" மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "ஏலே சண்முகம், இவளை இன்னைக்கே ஆத்தா வீட்டுக்கு முக்கூடல் பஸ்ஸுல ஏத்திவிடு!"

மகன் சிவசண்முகம் மில்லில் எல்லாரையும் அதட்டுகிறவன். அம்மா முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. "கொஞ்ச நாள் இருந்துட்டு வாயேன்ட்டி" என்று முனகினான்.

பாகீரதிக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் முட்டியது. கத்தரிக்காய் கழுவியதற்கு வாழாவெட்டியா? சாமியார் தோளில் மஞ்சளில் நனைத்துக் காயவைத்த துண்டு. வெடுக்கென்று உருவி அடுத்த தீர்த்த வாளியில் போட்டாள். துண்டு செக்கச்செவேலென்று ஆனது.

"இதைக் கழுவுன மருமக யாரு சாமி?" என்றாள்.

கூட்டம் யோசித்ததா? அலறியது. "ஐயோ, சாமிக்கே செய்வினை வச்சிட்டானுவளே! சாமியையும் முக்குங்கலே!" நாலு பேர் காலைத் தூக்கி, தலையை வாளிக்குக் கொண்டுபோனார்கள்.

"விடுங்கலே! கண்ணுல சுண்ணாம்பு பட்டா அவிஞ்சுபோவும்லே!" சாமி கதறினார்.

"சுண்ணாம்பா?" மாமியார் வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள்.

"ஆமா அத்தை. மஞ்சளும் சுண்ணாம்பும். கல்யாணமாகி என்னை வீட்டுக்குள்ள கூட்டுதப்ப நீங்கதானே கரைச்சு ஆரத்தி சுத்துனிய? அன்னைக்குச் செவந்தது யாரு வச்ச செய்வினை?"

சாமி துண்டில்லாமல் ஓட்டம் பிடித்தார். கல்யாணம்தோறும் ஆரத்தி கரைத்த கைகள்தான் அத்தனையும் அதுவரை அங்கே சாமியைக் கும்பிட்டு நின்றிருந்தன.

"இனிமே காயை எதுலட்டி கழுவ?" என்றாள் மாமியார், தரையைப் பார்த்தபடி.

"உப்புத் தண்ணி போதும். முதல்ல, யோசிக்காம நீங்கள்லாம் பஸ் ஏத்திவிட்ட பிள்ளையளைப் போய்க் கூட்டிட்டு வாங்க. வாசல்ல ஆரத்தியும் எடுங்க, அத்தை. இந்தத் தடவை அது ஏன் செவக்குதுன்னு தெரிஞ்சு எடுங்க."