லாச்சியார் சொல்லாத ஒன்று

உடுவிலில் யார் வீட்டு நகை எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது ஊர் முழுக்கத் தெரிந்திருந்ததென்றால், அதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். அவர் கள்ளனல்ல. கள்ளனுக்குப் பிடிபடாத நகைப்பெட்டி செய்கிற தச்சர்.

அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் லாச்சியார். லாச்சி என்றால் இழுப்பறை; ஒளித்துவைத்த கள்ள லாச்சி ஒன்று வைக்காமல் ஒரு சாமானும் அவர் கையிலிருந்து வெளியே போகாது. கதிரை கேட்டவருக்கு இருக்கைக்குக் கீழே ஒன்று வைத்தார். கோழிக்கூடு கேட்டவருக்கும் வைத்தார். கோழி அதற்குள் நுழைந்து ஒழுங்காக முட்டையிட, வீட்டுக்காரர் முட்டையைக் காணாமல் கோழியைக் கறியாக்கிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. நான் அதை நம்புகிறேன்.

வேலையில் குறை சொல்ல முடியாது. வாயில்தான் ஓட்டை. ஒருவரும் கண்டுபிடிக்க முடியாதபடி ஒரு லாச்சி செய்வார். பிறகு ஒருவரும் கண்டுபிடித்து மெச்சவில்லையே என்று அவருக்கு நித்திரை வராது. சந்தியில், சலூனில், சாவீட்டில் என்று ஆளைக் கண்ட இடத்தில் தொடங்கிவிடுவார்.

"வாத்தியார் வீட்டுப் பெட்டியிலை இடப்பக்கக் குமிழைத் திருகிப்போட்டு அடிப்பலகையை இழுக்கவேணும். ஆருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ, என்ன?"

கனடாவில் இருப்பவர்களுக்கும் வீடியோ அழைப்பில் திறந்து காட்டியிருக்கிறார். அதனால் ஊர்ச்சனம் நகையை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு, கள்ள லாச்சிக்குள் தைலப் போத்தலும் பல்செட்டும் வைத்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் அம்மா என் தமையனின் தாலிக்கொடிக்குப் பெட்டி செய்யக் கொடுத்தார். தாலிக்கான பொன்னுருக்கல் எங்கள் வீட்டில் நடக்க இருந்தது. கொடி செய்து வந்தால் கலியாணம் வரைக்கும் அதைப் பாதுகாக்க வேண்டும். வீடு நிறைய வெளிநாட்டுச் சொந்தம். அப்பா தலையில் கை வைத்தார்.

"நீர் இதைவிடக் கொடியை மதிலிலை தொங்கவிடலாம்."

அம்மா அசையவில்லை. லாச்சியாரை நல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போய், முருகனுக்கு முன்னால் சத்தியம் வாங்கினார். திறக்கிற விதத்தை அம்மாவைத் தவிர ஒருவருக்கும் சொல்வதில்லை, காட்டுவதில்லை.

பெட்டியை முதலில் பிஸ்கற் பெட்டி மட்டையில் வெட்டி ஒட்டிக் கொண்டுவந்தார். அம்மா எந்தக் கையால் பூட்டுத் திறக்கிறார், எந்தக் கை பலம் என்றெல்லாம் பார்த்துவிட்டு மட்டையைக் கிழித்துப்போட்டு இன்னொன்று ஒட்டினார். கடைசியில் முதிரை மரத்தில் பெட்டி வந்தது. உள்ளே பச்சை வெல்வெற். வெளியே அளந்தால் ஓர் ஆழம், உள்ளே அளந்தால் ஓர் ஆழம், இடையில் ஒரு விரல் அளவு காணாமல் போயிருக்கும். அந்தக் காணாமல் போன விரலுக்குள்தான் கொடி. அலங்காரச் சட்டம் ஒன்று அடியைச் சுற்றி ஓடி, அந்தக் கணக்கைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தது. அறைக்கதவைச் சாத்திவிட்டு அம்மாவுக்குத் திறந்து காட்டினார். அதன்பிறகு மனிதருக்குக் கெட்ட காலம் தொடங்கியது.

சந்தியில் நிற்பார். "எங்கடை கலியாண வீட்டுப் பெட்டி இருக்கெல்லோ..." என்று தொடங்குவார். உடனே ஒரு வெற்றிலைச் சுருளை வாய்க்குள் திணித்துக்கொண்டு சைக்கிளை மிதிப்பார். சலூன் கதிரையில் இருந்தால் தன்னையறியாமல் உளறிவிடுவேன் என்ற பயத்தில் சவரத்தையே நிறுத்தினார். தாடி நெஞ்சுக்கு இறங்கியது. ஊரில் பந்தயம் கட்டினார்கள். ஒருவரும் அவரால் முடியும் என்று கட்டவில்லை.

கலியாணக் காலை. தமையன் தலைப்பாகையோடு நிற்கிறான், வாசலில் வான் நிற்கிறது. கொடியை எடுக்கச் சாமியறைக்குள் போன அம்மா, வெளுத்த முகத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"திறபடுதில்லை."

"கொண்டாரும், நான் பாக்கிறன்" என்றார் அப்பா.

"உங்களுக்குக் காட்டேலாது."

நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தெல்லிப்பழையிலிருந்து பெண்வீட்டார் தொலைபேசி எடுத்தபடி இருந்தார்கள். தாலி இல்லாமல் போய் மணவறையில் எதைக் கட்டுவது? மாமா, அம்மாவின் தமையன், கிணற்றடியிலிருந்து கோடாலியோடு வந்தார். நான் லாச்சியாருக்கு அழைத்தேன்.

கோடாலி உயர்ந்த நேரம் சைக்கிள் உள்ளே வந்தது. லாச்சியார் பெட்டிக்கும் மாமாவுக்கும் இடையில் போய் நின்றார்.

"முதல்லை என்ரை தலையிலை போடுங்கோ."

"அப்ப கெதியாத் திறவுங்கோவன்!"

"ஆக்களுக்கு முன்னாலை திறக்கமாட்டன். சத்தியம் பண்ணியிருக்கிறன். எல்லாரும் வெளியிலை போங்கோ. மாப்பிள்ளையும்தான்."

போனோம். அது போதாதாம், ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கவும் வேண்டுமாம். பட்டுச்சேலைகளும் பட்டுவேட்டிகளும் வரிசையாக வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சொந்த வீட்டு முற்றத்தில் தண்டனை பெற்ற பள்ளிப்பிள்ளைபோல் நின்ற அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே பெட்டியைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கத்தல்.

"பெட்டிக்குச் சந்தனம் அப்பினது ஆர்?"

"நான்தான் அண்ணை" என்றது அம்மாவின் குரல். "புதுச்சாமான். கொடியை வைச்சு மூடினாப்போலை, நாலு பக்கமும் பொட்டு வைச்சனான். வைக்காமல் விடலாமோ?"

"மூட்டுக்குள்ளை இறங்கிக் கல்லாய்க் காய்ஞ்சு கிடக்கு, தங்கச்சி! கள்ளனுக்கு யோசிச்சன், கறையானுக்கு யோசிச்சன், மாரிமழைக்கும் யோசிச்சன். பக்திக்கு யோசிக்கேல்லையே!"

முதுகு காட்டி நின்ற அவ்வளவு பேரும் சிரித்தோம். மாமாகூட. சற்று நேரத்தில் அம்மா கொடியைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்தார். பின்னால் லாச்சியார், நகக்கண்ணெல்லாம் சந்தனம்.

நேரம் தப்பாமல் தாலி ஏறியது. பந்தியில் அம்மா லாச்சியாரின் இலைக்கு இன்னொரு வடை வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அண்ணை, கொடி கழுத்துக்குப் போயிட்டுது. இனிப் பெட்டிக்குள்ளை ஒண்டுமில்லை. சத்தியத்தாலை உங்களை விடுறன். ஆருக்கெண்டாலும் சொல்லுங்கோ."

பந்தி முழுக்கக் கையை இலையில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. லாச்சியார் வாயைத் திறந்தார். வடையை உள்ளே வைத்து, ஆறுதலாக மென்று விழுங்கினார்.

"வேண்டாம் தங்கச்சி. மற்றதெல்லாத்தையும் ஊருக்குக் குடுத்துப்போட்டன். இது ஒண்டு என்னோடை இருக்கட்டும்."

மறுநாள் சலூனுக்குப் போய்த் தாடியை எடுத்தார். அங்கேயும் சொல்லவில்லை. மற்றப் பெட்டிகளின் கதையெல்லாம் வழக்கம்போல் நடந்தது; எங்கள் பெட்டிப் பேச்சு வந்தால் மட்டும் வெற்றிலையை எடுப்பார். போன மாரியில் லாச்சியார் காலமானார்.

செத்தவீட்டுக்குப் போய் வந்த அன்று நான் பெட்டியை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். "இனி எனக்கெண்டாலும் திறந்து காட்டுங்கோவன்."

அம்மா பெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "அந்த மனிசனே கடைசிவரைக்கும் சொல்லேல்லை. நான் சொல்லுவனோ?"

நான் பிறகு கேட்கவில்லை. பெட்டியைத் தூசி துடைக்கிற வேலை இப்போது என்னுடையது. அந்த ஒரு விரல் ஆழத்துக்குள் லாச்சியார் இருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் அங்கேயே இருக்கட்டும்.