பல்லைக் கேட்ட காதலி

கல்யாண பயோடேட்டாவில் பொய் எழுதாத ஆண் இந்த உலகத்தில் இருக்கலாம், நான் சந்தித்ததில்லை. என்னுடையதில் 'தெரிந்த மொழிகள்: தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு' என்றிருந்தது. அப்போது எனக்குக் கொடைக்கானலில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் வேலை. பிரெஞ்சில் மொத்தம் மூன்று விஷயம் சொல்வேன்: வணக்கம், நன்றி, வெந்நீர் ஏழு மணிக்குத்தான் வரும். (மூன்றாவதைத்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.)

தாண்டிக்குடியில் காபித் தோட்டம் வைத்திருந்த ஒருவர், மகள் மலர்விழியோடு என்னைப் பார்க்க வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் லாட்ஜ் ஹாலில் திரைப்படச் சங்கத்தார் பழைய கறுப்பு வெள்ளைப் பிரெஞ்சுப் படம் ஒன்றைப் போட்டார்கள். ஜப்பான் மாலுமிக்கும் பிரெஞ்சுக்காரிக்கும் காதல். வந்தவர்களையும் முன்வரிசையில் உட்கார வைத்தேன். படம் ஓட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, சப்டைட்டில் இல்லை.

சங்கச் செயலாளர் சேவியர் சார் எல்லோருக்கும் கேட்கும்படி, "தம்பி, ஒங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியும்ல? வெரசா மைக்கப் பிடிங்க" என்றார்.

மறுத்தால் மாப்பிள்ளை உத்தியோகம் போச்சு. பிடித்தேன்.

அரைமணி நேரம் ஜமாய்த்தேன். பிறகு மாலுமி கன்னத்தில் கை வைத்தபடி நாயகிக்கு எதிரே உட்கார்ந்தான். கண்ணெல்லாம் நீர். அவள் அவன் முகத்தருகே குனிந்தாள். நான் குரலைக் குழைத்தேன்: "அன்பே! மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லை. தேசம் என்ன, பாஷை என்ன? என் வேதனையை நீதான் தீர்க்க வேண்டும்!"

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

நாயகி ஒரு குறடு எடுத்தாள்.

(அவள் பல் டாக்டர் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.) அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "காதலின் அடையாளமாக அவள் ஒரு பல் கேட்கிறாள்" என்றேன்.

ஹால் அதிர்ந்தது. "ஏலே, நம்மூர்ல மோதிரம்தான கேப்பாக!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சேவியர் சார் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தார்.

மலர் எழுந்து வந்தாள். "கொஞ்சம் குடுங்க" என்று மைக்கை வாங்கினாள். "அவருக்குப் பல்வலிங்க" என்று கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு மிச்சப் படத்தை அவளே சொன்னாள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு எம்.ஏ. படித்தவள். (அவள் பயோடேட்டாவிலும் அது இருந்தது. நான்தான் போட்டோவைத் தாண்டவில்லை.)

கடைசியில் துறைமுகத்தில் மாலுமி விடைபெற்றபோது மலரின் குரல் தயங்கியது. "இப்ப அவரு ஜப்பான் பாஷையில பேசுறாரு. எனக்குப் புரியலைங்க. அவளுக்கும் புரியல. பரவாயில்ல, பேசிக்கிட்டே இருங்கன்னு அவ சொல்றா."

ஹாலே அழுதது. நானும் அழுதேன், வேறு காரணத்துக்காக.

படம் முடிந்ததும் அவள் அப்பா செருப்பை மாட்டினார். "கெளம்பும்மா. பொய் சொல்ற மாப்பிள்ளை நமக்கு வேணாம்."

"இருங்கப்பா. இம்புட்டு மோசமாப் பொய் சொல்றவரு நாளைக்கு எங்கிட்ட எதையுமே மறைக்க முடியாது" என்றாள் மலர்.

பன்னிரண்டு வருஷமாக முடியவில்லை. போன வாரம் தாமதமாக வீடு திரும்பி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரே லாரி நெரிசல் என்று வாசலிலேயே ஆரம்பித்தேன். என் மகள் உள்ளே திரும்பிக் கத்தினாள்: "அம்மா, வாங்க! அப்பா பிரெஞ்சு பேசுறாரு!"