சகலைகளும் ஒரு டிஸ்க் டெஸ்டும்

சாப்பாட்டு மேசையில் மூடி கழற்றப்பட்டுக் கிடந்த பழைய கம்ப்யூட்டர், டிஸ்க் டெஸ்டை முடித்து எண்ணூற்றுப் பத்து என்று காட்டியது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அந்த எண்ணை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். சகலை வீட்டு மெஷின் தொள்ளாயிரத்துக்கு மேல் வாங்கியிருந்தது.

இரண்டும் ஒரே மாதிரி மெஷின்கள். முப்பது வருடமாக இரண்டு வீட்டிலும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அக்காவும் தங்கையும் ஒருநாள் சேர்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒன்று போதும். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் நடக்கும். எது வேகமோ அது இருக்கட்டும், மற்றது பழைய இரும்புக் கடைக்கு.

கடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. கடை திறந்த நாளிலிருந்து கூடவே இருந்த மெஷின் அது. அதை இரும்பு விலைக்குத் தூக்கிப் போட அவருக்கு மனசு வரவில்லை.

டிஸ்குக்கும் மெஷினுக்கும் நடுவே தரகர் வேலை பார்ப்பது கண்ட்ரோலர் கார்டு. அவரிடம் இருந்தது குட்டை ஸ்லாட்டில் உட்காருகிற கார்டு, தகவலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கடத்தும். நீள ஸ்லாட் கார்டு ஒரே தடவையில் இரண்டு மடங்கு கடத்துமாம். தேடிப்பிடித்து வாங்கிச் செருகினார். எண் நானூற்றுக்கு இறங்கியது.

பாதையை அகலமாக்கினால் வண்டி எப்படி நொண்டும்?

மெக்கானிக்குக்கு போன் போட்டார். மறுமுனையில் யாருக்கோ பிரிண்டர் சரிசெய்துகொண்டிருந்த மெக்கானிக், கார்டுகளுக்குத் தகவல் ஓடுகிற பஸ்ஸின் வேகத்தைக் கூட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். கூட்டினார். முன்னூறு.

"இன்னும் நல்ல கார்டா ஒண்ணு போட்டுப் பாருங்களேன்," என்றாள் மனைவி. இத்தனை வருடத்தில் அந்த மெஷினைப் பற்றி அவள் அன்பாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் நெகிழ்ந்துபோனார். சொந்தமாக மெமரியே வைத்திருக்கிற உசத்தியான கார்டு ஒன்றை வரவழைத்தார். எண் அறுபத்திரண்டில் போய் விழுந்தது.

இதில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. முன்பெல்லாம் கடைக் கணக்கைத் திறக்கச் சொல்லிவிட்டு ஒரு காபி குடித்து வரலாம். இப்போது தட்டிய மறு நொடி திறந்து நின்றது. பாதியை முழுங்கிவிட்டு மீதியைக் காட்டுகிறதோ என்று சந்தேகப்பட்டு, கணக்கை வரிவரியாகச் சரிபார்த்தார். எல்லாம் இருந்தது. அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

போதும் விஷப்பரீட்சை, பழைய கார்டையே போட்டுவிடலாம் என்று தேடினால், அது வீட்டில் இல்லை. சகலையின் கார்டு திடீரென்று மண்டையைப் போட்டதால், கழித்துக் கட்டியதைக் கொடுத்தால் போதும் என்று நேற்றுத்தான் வந்து வாங்கிப் போயிருந்தார். தொலைந்தான் எதிரி என்று உள்ளுக்குள் சிரித்தபடி இவரே துடைத்துக் கொடுத்திருந்தார். இப்போது போனில் கூப்பிட்டு, அதைத் திருப்பித் தர முடியுமா என்று இழுத்தார்.

"விளையாடாதீங்க சகலை. அதைப் போட்டுத்தான் எனக்குத் தொள்ளாயிரத்து இருபது வந்திருக்கு," என்றார் சகலை.

தான் வேண்டாமென்று தூக்கிப் போட்ட கார்டு அங்கே போய்க் கொடிகட்டிப் பறக்கிறது. காசைக் கொட்டி வாங்கியது இங்கே மானத்தை வாங்குகிறது. என்ன கோளாறு என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சகலைகள் இருவரும் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சகலை இவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். மாலையில் இரும்புக் கடை வண்டி வந்தது. மெஷினைத் தானே தூக்கி வைத்துவிட்டு, வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றார் கடைக்காரர். கண் கலங்கிவிட்டது.

உள்ளே அவர் மனைவி குரலைத் தாழ்த்தி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுது போயாச்சு. அந்த நம்பர் டிஸ்க் எடுத்துக்கிற நேரம், கம்மியா இருந்தாத்தான் வேகம்னு அடுத்த வாரம் நீயே கண்டுபிடிச்ச மாதிரி அத்தான்கிட்ட சொல்லிடு, உங்க வீட்டுதும் போயிடும்."